வேண்டா

"வேண்டா," என்றார் ஏசுதாஸ்.

கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் வெள்ளை அங்கியோடு நின்றிருந்த ஜெனிஃபர் திரும்பிப் பார்த்தாள். அவளை முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பதற்காக முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்திருந்த போதகரும் திரும்பிப் பார்த்தார்.

கோவளம் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பக்கத்தில் நின்று சபை மொத்தமும் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு ஒவ்வொரு வாயாக நின்றது.

"வேண்டா," என்றார் ஏசுதாஸ் மறுபடியும், இன்னும் சத்தமாக.

அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பின்னால் நின்றிருந்த ஷாரோன் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளுடைய புருஷன் அந்தச் சபைக்குப் பல வருடம் டீக்கனாக இருந்தவர். போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பேச்சும் போயின. நாள்பட நாள்படத் திரும்பி வந்தது அந்த ஒரு சொல்தான்.

போதகர் தலையில் கைவைத்து ஜெபித்தபோது அதைத்தான் சொன்னார். திருவிருந்தின் அப்பம் முன்னால் வந்தபோதும் அதைத்தான் சொன்னார். கொண்டுவந்தவர் சற்று நின்று பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

டீக்கன் ஆண்டவரையே வெறுத்துவிட்டார் என்று பேச்சு எழுந்தது. சிலர் அவருக்காக உபவாசம் இருந்தார்கள். டீக்கன் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

டீச்சரைப் பற்றியும் பேசினார்கள். நெம்மேலியில் பள்ளிக்கூடம், வீட்டில் படுத்துவிட்ட புருஷன், ஞாயிறு தவறாமல் சபைப் பிள்ளைகளுக்குப் பாடம். டீச்சரம்மாவின் பொறுமை தங்களுக்கு ஒரு சாட்சி என்று பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்றே சொன்னார்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தெளிந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

இன்று காலையில் ஜெனிஃபர் அழுதாள். அப்பாவைக் கரைக்குக் கூட்டி வரவேண்டாம் என்றாள். வீட்டில் தனியாக விட முடியாதே என்று டீச்சர்தான் கூட்டி வந்தாள்.

"ம்மா," என்றாள் ஜெனிஃபர் தண்ணீரிலிருந்து. அலை அவள் அங்கியை இழுத்துக்கொண்டிருந்தது. "அப்பாவுக்கு இஷ்டம் இல்லன்னா நா வந்துடறேன்."

போதகர் டீச்சரைப் பார்த்தார். சபை டீச்சரைப் பார்த்தது.

ஏசுதாஸ் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கையைத் தூக்கி மகளைக் காட்டி, "வேண்டா, வேண்டா," என்றார்.

ஷாரோன் நாற்காலியைச் சுற்றி முன்னால் வந்தாள். அவர் முகத்தில் இருந்தது சிரிப்பு. ஒரு பக்கம் மட்டுமே ஏறிய சிரிப்பு. கண்களில் தண்ணீர் நிறைந்திருந்தது.

அவள் ஈர மணலில் முட்டி போட்டாள்.

"தோ கீறேங்க. நானும் பாத்துகினுதான் கீறேன்," என்றாள்.

அவர் அமைதியானார்.

அவள் எழுந்திருக்கவில்லை. யார் முகத்தையும் பார்க்காமல் மணலைப் பார்த்தே சொன்னாள்.

"அவரு வேணாம்னு சொல்லல. என்னத்தான் கூப்புடறாரு. அது எம் பேரு."

வேடந்தாங்கல் பக்கம், நாலாவதும் பெண்ணாக அவள் பிறந்ததும், நாற்றங்காலில் கூலி வேலை செய்துவிட்டு வந்த அப்பன் எட்டிக்கூடப் பார்க்காமல் வைத்த பேர். செங்கல்பட்டில் முழுக்கு எடுத்து ஷாரோன் ஆன அன்றைக்கு அதைத் தண்ணீரோடு விட்டுவிட்டதாக நினைத்தாள்.

ஏசுதாஸ் விடவில்லை. கதவைச் சாத்தியபின் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அதை ஆசையாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவர் வாயில் அது வேறு பேராக இருந்தது. வெளியே யார் காதிலும் விழக்கூடாது என்று கல்யாணமான புதிதில் அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள். நோய் வரும்வரை அவர் அதைக் காப்பாற்றினார்.

இந்தக் கரையில் 'வேண்டா' என்று பேசுகிறவர்கள் இல்லை. எல்லோருக்கும் 'வேணாம்'தான். நாக்கு தடித்துவிட்டது, அதனால் அப்படி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் நினைக்கவிட்டாள்.

கூட்டத்தில் யாரோ மெதுவாக "ஸ்தோத்திரம்" என்றார்கள். போதகர் நனைந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெனிஃபர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை நெடுநேரம் பார்த்தாள்.

"மத்தியானம் காலேஜ் வுட்டு வந்து சோறு ஊட்டப் போவேன். வேணாங்கறாருன்னு தட்ட எத்துகினு போயிடுவேன்," என்றாள். "அப்பல்லாம் அவருக்குப் பசிச்சுதாம்மா?"

சாயங்காலம் பள்ளி விட்டு வந்து தான் ஊட்டும்போது அவர் எப்படி அவசர அவசரமாகச் சாப்பிடுவார் என்பது ஷாரோனுக்கு மட்டும்தான் தெரியும்.