பன்னிரண்டு பரவாயில்லை

பனியன் கம்பெனி ஒன்றுக்காக இசைவாணியின் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்த செயலியில் ஒரே ஒரு பொத்தான்தான் முக்கியம். தைக்கிற பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அதை அழுத்தி அனுமதி கேட்க வேண்டுமாம். பத்து நிமிடத்துக்குள் சூப்பர்வைசர் பதில் அனுப்புவாராம். இது சரிப்பட்டு வருமா என்று கேட்டு வர இசைவாணியை அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரைக் கேட்டாள். மிஷினை நிறுத்தாமல், சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பன்னிரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பரவால்லீங்க."

அதை அப்படியே எழுதிக் கொடுத்ததுதான் அவள் செய்த தப்பு. இன்று கூட்டத்தில் மேலாளர் ரகுபதி திரையில் பன்னிரண்டு பச்சைக் கட்டங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 'திருப்தி' என்று இருந்தது.

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "சார், திருப்தின்னு யாருமே சொல்லல. வேற வழியில்லன்னு சொன்னாங்க."

"பரவாயில்லைன்னு நீதானேம்மா எழுதியிருக்க?"

"அவங்க சொன்ன விதத்தை நீங்க பாக்கல சார்!"

"விதத்தை எந்தக் கட்டத்துல போடறது?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

கூட்டம் தொடங்கி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு அடிவயிறு கனத்தது. பாத்ரூம் போய்விட்டு வந்து இந்த ஆளை ஒரு கை பார்க்கலாம் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ரகுபதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் காட்டினார்.

"ஒரு பத்து நிமிஷம் உக்காரும்மா. முடிச்சிடலாம்."

கொதித்துப்போய் வாயைத் திறந்தாள். "பரவால்ல சார்" என்று வந்தது.