சுருளில் மிச்சமிருந்த ஒரு படம்

குழந்தை முதன்முதலாக எழுந்து நடந்தபோது ஷெரினின் செல்போன் மூச்சுவிடாமல் நாற்பது படம் எடுத்துத் தள்ளியது. அவள் கணவன் கையிலிருந்த பழைய ஃபிலிம் கேமரா எடுத்தது ஒன்றே ஒன்று. சுருளில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

பிறகு இரண்டும் மேசைமேல் கிடந்தபோது செல்போன் கேட்டது: "எங்கே, அந்தப் படத்தைக் காட்டுங்க பார்ப்போம்."

"நானே இன்னும் பார்க்கலைப்பா. மூடியைத் திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாம் போயிடும். ஃபிலிமைக் கழுவினாத்தான் தெரியும்."

"பிள்ளை கண்ணை மூடியிருந்தா?"

"மூடியிருந்துட்டுப் போகட்டும். நடந்துச்சுல்ல?"



அந்நேரம் ஷெரின் வந்து, செல்போனைக் கையிலெடுத்துக் கேமராவை ஒரு படம் எடுத்தாள். அத்தனை கவனமாகச் செல்போன் எதையுமே எடுத்ததில்லை. இன்னொன்று எடுக்க அவள் விரலை வைத்தாள்.

செல்போன் தானாக அணைந்துகொண்டது.