நீலத்தில் ஒரு சிவப்பு

இந்த ஸ்லைடிலும் ஒன்றுமில்லை. எங்கு பார்த்தாலும் நீலம்.

அப்பாடா என்று அடுத்ததை எடுத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கி, மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தேன்.

காசநோய்க் கிருமி இருந்தால் இந்த நீலத்துக்கு நடுவே சிவப்பாகத் தெரியும். கிள்ளிப் போட்ட நூல் மாதிரி, மெல்லிசாக, லேசாக வளைந்து. அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இன்றைக்கு மட்டும் அது கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தட்டில் ஏதோ ஒன்று என் வீட்டுக்காரருடையது.

எது என்று தெரியாது. ஸ்லைடில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். யாருடைய சளி என்று தெரிந்து பார்த்தால் கண் பொய் சொல்லும் என்பது எங்கள் லேப் அக்காவின் கட்சி. எண் போடுவதெல்லாம் அவள்தான். தலைகீழாக நின்று கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

அவருக்கு மாத்திரைகள் முடிந்துவிட்டன. இது கடைசிப் பரிசோதனை. சுத்தம் என்று வந்துவிட்டால், தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறையிலிருந்து உள்ளே வந்துவிடலாம்.

உண்மையைச் சொன்னால், அவர் எப்போதோ வந்திருக்கலாம். மாத்திரை ஆரம்பித்த இரண்டு வாரத்திலேயே, இனி இவரால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. ஊரார் சளியை நாளெல்லாம் பார்க்கிறவள் காதில் டாக்டர் பேச்செல்லாம் ஏறுமா? ஆறு மாதமாக மனுஷன் முன்னறையில் கிடக்கிறார். தனித் தட்டு, தனி டம்ளர். மகள் வாசற்படியில் உட்கார்ந்துதான் அவருக்குக் கதைப் புத்தகம் வாசிப்பாள். அவள் கால் படியைத் தாண்டினால், நான் போடும் சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும்.

எனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஜெயிலரம்மா.

போன வாரம் அக்கா எங்கள் வீட்டில் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. நான் உட்பட எல்லோரும் டப்பாவில் துப்பிக் கொடுத்தாயிற்று. மருமகள் எதிரில் காறித் துப்ப இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும் என்று மாமியார் ரொம்பச் சந்தோஷமாகத் துப்பினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். ஸ்லைடில் ஊற்றும் சாயத்தைச் சூடாக்கும்போது வரும் புகை, எப்போதும் உள்ளதுதான்.

வழக்கமாக என்றால் இந்த ஸ்லைடை இதற்குள் ஓரமாக வைத்திருப்பேன். பார்க்க வேண்டிய அளவுக்குப் பார்த்தாயிற்று. ஆனால் கை விடவில்லை. ஒருவேளை இதுதான் அவருடையதோ? ஸ்லைடை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். சளி தடவியிருந்த கடைசி ஓரம் வரை போனேன்.

அங்கே இருந்தது.

இரண்டு நீலத் திட்டுகளுக்கு நடுவே ஒரு சிவப்பு. பக்கத்திலேயே இன்னொன்று.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருந்தது இருந்தபடியே இருந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக் குனிந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான், நான் விசும்ப ஆரம்பித்துவிட்டேன்.

"ஏய், நீ எதுக்குடி அழற? உன் வீட்டுக்காரரோடத இந்தத் தட்டுல வைக்கவே இல்ல. உங்க வீட்டு ஆளுங்களோடத எல்லாம் தனியா எடுத்து நானே பாத்துட்டேன். எல்லாருக்கும் சுத்தம், போதுமா?"

அழுகை எப்போது சிரிப்பானது என்று எனக்கே தெரியவில்லை. உடனே அவருக்குப் போன் போட்டு, தலையணையை வெயிலில் தட்டிப் போடுங்கள் என்று கத்தினேன். அந்தப் பக்கம் மகள் குதிக்கிற சத்தம் கேட்டது. அக்கா மறுபடியும் லென்ஸில் குனிந்திருந்தாள்.

போனை வைத்ததும் எனக்கு உலகத்தின் மேலேயே பிரியமாக இருந்தது. அவருடையதோ என்று பயந்து ஓரம் வரை போனதால்தானே இது சிக்கியது? இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியிருப்பேன். யார் பெற்ற பிள்ளையோ, சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று, மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஸ்லைடுக்குக் கை நீட்டினேன்.

அக்கா லென்ஸிலிருந்து நிமிர்ந்தாள். ஸ்லைடை வெளியே எடுத்துத் துடைத்தாள். தான் போட்ட எண்ணைப் பார்த்தாள். பிறகு முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நீட்டிய என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

என் வீட்டு ஆட்களையெல்லாம் தனியாக எடுத்து வைத்தவளுக்கு, தினமும் பக்கத்தில் உட்காருகிறவளை எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

நான் மறுபடியும் தொண்டையைச் செருமினேன்.

வீட்டுக்கு இன்னொரு முறை போன் செய்தேன். இந்த முறை கத்தவில்லை.

சாயங்காலம் போனபோது முன்னறையின் ஜன்னல்கள் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கட்டிலில் புது உறை போட்டு என் தலையணை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மகள். ஆறு மாதமாக நான் பார்க்காத காட்சி. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த அழுகையை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை.

"ரெண்டு வாரம் தனியா இருந்தா போதும்னு டாக்டர் சொல்லுவாரு. அதுக்கு மேல ஒரு நாள் கூட உன்ன அங்க விட்டு வைக்க மாட்டேன், ஜெயிலரம்மா."