கையில்தான் கோளாறு

மூன்று வருஷமாக அந்த ஒரு சின்ன மூலக்கூறைச் செய்துவிட முடியாமல் திண்டாடினாள் ஸ்ரீலக்ஷ்மி. குடுவையில் இன்றும் கறுப்புத் தார்தான்.

"எனக்கு அன்னிக்கே தொண்ணூத்திரண்டு பெர்சென்ட் விளைச்சல் கிடைச்சுது, கேட்டியா? உன் கையிலதான் கோளாறு. தீசிஸ் கொடுக்க நாலு நாள்தான் இருக்கு," என்றார் கைடு பத்மஜா மேடம்.

என்ன கோளாறென்று பார்க்க, மேடத்தின் பழைய லேப் நோட்டைத் தேடியெடுத்தாள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், லேபில் கூட இருந்த மலையாளிகள் யாரும் படித்துவிடக் கூடாதென்று தமிழில், பென்சிலால் கிறுக்கியிருந்தது:

"இன்றும் தார்தான். என் கைடு சாருக்குத் தொண்ணூற்று மூன்று வந்ததாம். என் கையில்தான் கோளாறாம். தீசிஸுக்கு இரண்டே நாள்."

அதன்கீழே பேனாவால்: "கிடைத்தது 92%."

ஸ்ரீலக்ஷ்மி தாரைக் கழுவிக் கொட்டினாள். தன் நோட்டைத் திறந்து, 91% என்று எழுதினாள்.