சகலை வீட்டு டவர்

கண்ணாடி மேசையின் வெள்ளை வெளிச்சத்தில் புது போனைத் திருப்பி, அவர் கேமராக்களை விரலால் எண்ணுகிறார். மூன்று. போன வாரம் சகலை சட்டைப்பையில் வெளியே தெரியும்படி செருகியிருந்ததிலும் மூன்றுதான். "அதைவிட இதுல என்ன ஒசத்தி?" விற்கும் பெண் அவர் தெருப் பெயரைக் கேட்டு, கடைக் கணினியில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். "போன் ஒசத்திதான் சார். ஆனா உங்க தெருவுக்கு ஃபைவ்ஜி இன்னும் வரல." அவர் குரலை இறக்கி, சகலையின் தெருவைச் சொல்கிறார். "அங்க சூப்பரா எடுக்கும் சார்!" பக்கத்தில் மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வருகிறது. "வாங்குங்க, ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்." அவர் சிரிக்கவில்லை. போனிலிருந்து கையை எடுக்காமலே கேட்கிறார்: "அந்தத் தெருவுல வீடு ஏதாவது காலியா இருக்கா?"