முதற்கடன்

“மாசக் கடைசியிலை ஏரம்பண்ணைக்குக் கடைக்காசைக் குடுத்திடு. உன்ரை பேரிலை எடுத்த முதல் கடன், பேர் கெடக்கூடாது” என்று சொல்லிவிட்டு இராசநாயகம் சைக்கிளை எடுத்தான்.

“நீங்கள் சுருட்டுக்கு வைச்ச கடனை முதலிலை குடுங்கோ” என்று பத்மாசினி சிரித்தாள்.

மாதக் கடைசியில் அவள் காசோடு கடைக்குப் போனபோது ஏரம்பு கை நீட்டவில்லை.

“இப்ப வேண்டாம், பிள்ளை. வீட்டை போ.”

“இண்டைக்குத்தானே தவணை, அண்ணை? பிந்தினால் இனிக் கடன் இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“சொன்னனான்தான். அதுக்காக இப்பிடி வாறதே?”

சாமான் வாங்க நின்ற குணலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. “வீட்டிலை இருக்கவேண்டிய நேரத்திலை உவள் கடைக்கு வந்து நிக்கிறாள்.”

“அவர்தான் குடுக்கச் சொன்னவர்” என்றாள் பத்மாசினி.

ஏரம்பு குரலைத் தாழ்த்தினார். “செத்தவீட்டுத் துடக்குக் காசைப் பெட்டியிலை போடேலாது, பிள்ளை. இராசநாயகத்தின்ரை எட்டாம் நாள் செலவுகூட இன்னும் முடியேல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி கழியட்டும்.”

சுன்னாகச் சந்தியில் லொறி மோதியபோது இராசநாயகம் அன்று சைக்கிளில் வீட்டிலிருந்து புறப்பட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அவள் காசைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். ஏரம்பு அதன்மேல் ஒரு தராசுப் படிக்கல்லைத் தூக்கி வைத்தார். அந்தியேட்டி வரைக்கும் அதை ஒருவரும் தொடவில்லை.

அந்தக் கடையில் பத்மாசினியின் பேருக்கு இன்றைக்கும் கடன் கொடுக்கிறார்கள்.