நடுவில் ஒரு முழம்

மணியடிக்கவென்றே பிறந்த மேசை போன் ஒன்று, ஒரு புது ஆபீசில் காலையிலிருந்து இருப்புக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளி, அதற்கு லைன் கொடுக்க வேண்டிய நெட்வொர்க் சுவிட்ச் பச்சை விளக்குகளைச் சிமிட்டியபடி சொகுசாக உட்கார்ந்திருந்தது. போனைச் செய்தது ஒரு கம்பெனி, சுவிட்சைச் செய்தது இன்னொரு கம்பெனி. இரண்டும் கூட்டுச் சேர்ந்து, ஒரே அட்டைப்பெட்டியில் வைத்து விற்றிருந்தன.

"அண்ணே, ஏதாவது அனுப்புங்களேன்! சாயங்காலத்துக்குள்ள நான் அடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்களாம்."

"நான் எப்பவோ தயார் தம்பி. நடுவுல வயர் எங்கே?"

"உங்க ஆளுங்க வைக்கலையா?"

"உங்க ஆளுங்க வைப்பாங்கன்னு இருந்துட்டாங்க."

மத்தியானம் இரண்டு கம்பெனியிலிருந்தும் ஆள் வந்தார்கள். ஒருவர் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சைடுல ஒரு பிரச்சினையும் இல்ல சார்" என்றார். மற்றவர் விளக்குகளைப் பார்த்துவிட்டு, "எங்க சைடும் பக்கா" என்றார். சந்தோஷமாக, போனுக்கும் சுவிட்சுக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு முழத்துக்கு நேர் மேலே, இருவரும் கைகுலுக்கினார்கள்.

அந்தக் கைகள் வழியாகவாவது அழைப்பு வந்துவிடாதா என்று போன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அதற்குள் கையை விட்டுவிட்டார்கள்.